பாட்டைப் போடப் பணம் கேட்கிறார்கள்: ஏற்காடு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. மலையாளி பழங்குடி. வயது 26. காபித் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சாமை அறுவடையில் எங்கள் பாட்டி பாடுகிற மெட்டுக்கு நானே வரி எழுதி, நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்டு செய்தோம். யூடியூபிலும் போட்டிருக்கிறோம். ஸ்டுடியோவில் அறிமுகமான ஒருவர், சேலத்தில் கேட்கும் ஒரு தனியார் எஃப்.எம்.மில் தனக்கு ஆள் இருக்கிறது என்றார். 40 ஆயிரம் கொடுத்தால் ரெண்டு வாரம், தினமும் நாலு தடவை பாட்டு ஓடும், ஆர்ஜே ‘இந்த வாரம் எனக்குப் பிடித்த பாட்டு’ என்று சொல்லிப் போடுவார், இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலும் போடுவார் என்றார். கோடை விழாவுக்கு முன்னால் ஓடினால் மேடை கிடைக்கும் என்று ஆசைப்பட்டு, ப்ரொமோஷன் செலவு என்று நினைத்து 15 ஆயிரம் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதி 25 ஆயிரம் ரொக்கமாகத்தான் வேண்டுமாம், பில் கிடையாதாம். ‘உள்ளே கொடுக்க வேண்டியது இருக்கிறது’ என்று இப்போது சொல்கிறார். நூறு ரூபாய் பத்திரத்தில் ஒரு அக்ரிமென்ட்டிலும் கையெழுத்துக் கேட்கிறார். பாட்டின் சகல உரிமைகளும் அவருக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. இது சட்டப்படி தப்பா? நான் மாட்டிக்கொள்வேனா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் இரண்டு காரியம். மீதி 25 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கோடை விழா நெருங்குகிறது, இன்றைக்கே முடிக்க வேண்டும்’ என்று அவர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும். இந்த இரண்டையும் நிறுத்தி வைத்தால் உங்களுக்குப் போயிருப்பது 15 ஆயிரம் மட்டும்தான், அதையும் மீட்கப் பார்க்கலாம். நிறுத்தாவிட்டால் பணத்தோடு பாட்டும் போகும். நாளைக்கு ஒரு புகார் என்று வந்தால் உங்கள் பக்கத்து நியாயமும் அதோடு சேர்ந்து போகும். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். சொந்தப் பாட்டு வைத்திருக்கிற பிள்ளைகள் இதே மாதிரி ஆட்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அஸ்தம்பட்டி கோர்ட் வாசலுக்கு வருவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை.

பணம் கொடுத்து ரேடியோவில் பாட்டுப் போடுவதே தப்பா என்றால், இல்லை. எஃப்.எம். நிலையம் விற்பதே நேரத்தைத்தான். நகைக்கடை முப்பது செகண்ட் வாங்குகிறது, நீங்கள் நாலு நிமிஷம் வாங்கலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. நிலையத்தின் விளம்பரப் பிரிவில் ரேட் கேட்க வேண்டும். ரிலீஸ் ஆர்டர் என்று ஒரு தாள் போகும். எந்தத் தேதி, எந்த நேரம், எத்தனை தடவை, எத்தனை செகண்ட் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் வரும். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும். ஓடி முடிந்ததும், எந்தெந்த நேரத்தில் ஓடியது என்று ஒலிபரப்புச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாட்டு ஒலிக்கும்போது இது விளம்பரதாரர் வழங்குவது என்று கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவார்கள். இப்படி நடந்தால் அது சுத்தமான வியாபாரம்.

உங்களிடம் பேசியவர் சொன்னதில் இதில் ஒன்றுகூட இல்லை. பில் இல்லை. பணம் நிறுவனத்துக்குப் போகவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த ஆர்ஜே சொல்லப்போவதாக அவர் சொன்ன வாக்கியம்: ‘எனக்குப் பிடித்த பாட்டு’. காலையில் சமையலறையில் ரேடியோ கேட்கிற ஒரு அம்மா, ஆட்டோ ஓட்டிக்கொண்டே கேட்கிற ஒரு அண்ணன், அந்த ஆர்ஜே நல்ல பாட்டு என்று சொன்னால் நம்பிக் காது கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் 40 ஆயிரத்துக்கு விற்கிறேன் என்கிறார். பணம் கைமாறுவதில் கெடுதல் இல்லை, அதை ரேடியோ கேட்கிறவரிடமும் நிலையத்து முதலாளியிடமும் மறைப்பதில்தான் இருக்கிறது. நான் இனி சொல்லப்போகிற சட்டம் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்.

அப்புறம், கணக்கையே பாருங்கள். ரேடியோவில் ரேட் பத்து செகண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். உங்கள் பாட்டு நாலு நிமிஷம் என்றால் 240 செகண்ட், அதாவது 24 பத்து-செகண்ட். கணக்குக்காகப் பத்து செகண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை ஓட 2,400 ரூபாய். தினம் நாலு தடவை, 14 நாள் என்றால் 56 தடவை. 1,34,400 ரூபாய் ஆகிறது. ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,58,592. அவர் கேட்பது 40 ஆயிரம், அதில் அவருடைய கமிஷனும் அடக்கம். இந்தக் கணக்கு எப்படி ஒத்து வரும்? ஒன்று, நிலையத்துக்குத் தெரியாமல் உள்ளே ஒருவர் திருட்டுத்தனமாகப் போட வேண்டும். இல்லையென்றால், உள்ளே அவருக்கு யாரையுமே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுகிற நேரத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டு ‘ஓடிவிட்டது’ என்று சொல்வதும் உண்டு. ‘தினம் நாலு தடவை’ என்றவர் எத்தனை மணிக்கு என்று சொன்னாரா?

உள்ளே ஆள் இருக்கிறது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். தனியார் எஃப்.எம். நிலையங்களில் என்ன பாட்டு, எந்த மணிக்கு என்பதைப் பெரும்பாலும் மியூசிக் மேனேஜர் என்ற பொறுப்பில் இருப்பவர் முடிவு செய்கிறார். பல ஊர்களில் நிலையம் வைத்திருக்கும் நிறுவனங்களில் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்தே கம்ப்யூட்டரில் இறங்கிவிடும். ஆர்ஜே நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் போடுவது அந்தக் காலத்துக் கதை. தன் பெயரை வைத்து வெளியே ஒருவர் வசூல் செய்வது அந்த ஆர்ஜேவுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் கோபத்தில் ஃபேஸ்புக்கில் அவர் பெயரையோ நிலையத்தின் பெயரையோ போட்டு எழுதிவிடாதீர்கள். அவதூறு வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

இந்த வியாபாரம் நம் ஊரில் பிறந்தது கிடையாது. அமெரிக்காவில் இதற்கு ‘பேயோலா’ என்று பெயர், அதற்கென்றே சட்டமும் உண்டு. 1950களில் அங்கே ரெக்கார்டு கம்பெனிகள், பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதற்காக ரேடியோ அறிவிப்பாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தன. 1960ல் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. ஆலன் ஃப்ரீட் என்று ஒருவர், ராக் அண்ட் ரோல் இசையை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர். ‘நான் பணம் வாங்கியதே இல்லை’ என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றதால் 1959 நவம்பரில் நியூயார்க் வேலை போனது. அந்த மாநிலத்தில் தனியார் ஊழியர் லஞ்சம் வாங்குவதையும் குற்றமாக்கும் சட்டம் இருந்தது. அதன் கீழ் 1962ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 300 டாலர்தான். ஆனால் அதோடு அவருடைய தொழில் முடிந்துபோனது. பிறகு வருமான வரி வழக்கும் வந்தது. 1965ல் 43 வயதில் இறந்துவிட்டார். பணத்தைக் கொடுத்த கம்பெனிகள் தொடர்ந்து நடந்தன. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதுதான் நடந்தது.

அதன் பிறகு 1960லேயே அவர்கள் போட்ட சட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பணம் வாங்கிப் பாட்டுப் போடாதே என்று அது சொல்லவில்லை. பணமோ, பணம் பெறுமான எதுவோ வாங்கியிருந்தால் ஒலிபரப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஊழியர் வாங்கினால் நிலையத்திடம் சொல்ல வேண்டும், கொடுத்தவரும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 10,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. கொடுத்தவருக்கும் அதே தண்டனை.

சட்டம் வந்ததும் கம்பெனிகள் நேராகக் கொடுப்பதை விட்டுவிட்டு, நடுவில் ஆளை வைத்துக்கொண்டன. தனிப்பட்ட ப்ரொமோட்டர் என்று அவர்களுக்குப் பெயர். கம்பெனி அவர்களுக்கு ஃபீஸ் கொடுக்கும், அவர்கள் நிலையத்தைக் ‘கவனித்துக்கொள்வார்கள்’. உங்களிடம் ‘தம்பி, நான் பேசிக்கிறேன்’ என்றவர் பார்க்கிற வேலையும் இதுதான். 2005ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் இதைத் தோண்டினார். நிலைய ஊழியர்களுக்கு உல்லாசப் பயணம், எலெக்ட்ரானிக் சாமான் எல்லாம் போட்டிப் பரிசு என்ற பெயரில் போயிருந்தது. ரசிகர்கள் மாதிரி போன் செய்து பாட்டைக் கேட்பதற்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். சோனி பி.எம்.ஜி. நிறுவனம் 1 கோடி டாலர் கட்டி சமரசமாகப் போனது, அடுத்த ஆண்டு யுனிவர்சல் 1 கோடியே 20 லட்சம் டாலர். 2007ல் நான்கு பெரிய ரேடியோ நிறுவனங்கள் அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 1 கோடியே 25 லட்சம் டாலர் கட்டின. அதோடு, உள்ளூர்க் கலைஞர்களுக்கும் சிறு கம்பெனிப் பாட்டுகளுக்கும் 8,400 அரை மணி நேரங்கள் ஒதுக்கவும் ஒத்துக்கொண்டன. இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ரகசியப் பணம் ஓடுகிற இடத்தில் முதலில் வெளியே தள்ளப்படுவது உங்களை மாதிரி பாடகர்கள்தான் என்பது அங்கே புரிந்திருக்கிறது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், இந்தியாவில் பேயோலாவுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. தனியார் நிறுவன ஊழியர் லஞ்சம் வாங்குவதைப் பொதுவாகக் குற்றமாக்கும் சட்டமும் நம்மிடம் இல்லை. 1988 ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர்களுக்கு மட்டும்தான். அதனால்தான் உங்கள் ஆள் ‘இதெல்லாம் சகஜம், கேஸ் எதுவும் வராது’ என்று தைரியமாகப் பேசுவார். ஆனால் தனிச் சட்டம் இல்லை என்பதால் பயமே இல்லை என்று ஆகாது. ஒலிபரப்பு நேரம் நிலையத்தின் சரக்கு. அதை ஊழியர் திருட்டுத்தனமாக விற்றால் வேலை போகும். முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் சம்பாதித்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்று 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆவது பிரிவு சொல்கிறது. விவரங்களைப் பொறுத்து, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ள நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் பிரிவுகளில் புகாரும் கொடுக்கலாம். கணக்கில் வராத ரொக்கத்துக்கு வருமான வரித் துறை தனியாகக் கேள்வி கேட்கும். அந்த இன்ஸ்டாகிராம் ரீல் இன்னொரு தலைவலி. பணம் வாங்கிக்கொண்டு ஒன்றைப் பாராட்டினால் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022ல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

இதே காரியத்தை ஆல் இந்தியா ரேடியோவில் செய்தால் நிலைமை வேறு. அங்கே வேலை பார்ப்பவர் பொது ஊழியர். 2018ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழு வருஷம் வரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் விலக்கு. ‘தனியாரில் வேண்டாம், அரசு ரேடியோவில் முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது பேச்சை மாற்றினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் மாட்டிக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். இதுவரை நீங்கள் செய்திருப்பது, ப்ரொமோஷன் என்று ஒருவர் சொன்னதை நம்பிப் பணம் அனுப்பியது. அதில் உங்கள் மேல் குற்றம் சாட்ட ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது ‘உள்ளே கொடுக்க வேண்டியது இருக்கிறது’ என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி ஒரு ரூபாய் கொடுத்தாலும் தெரிந்தே கொடுத்ததாகத்தான் ஆகும். அதற்குப் பிறகு நீங்கள் ஏமாந்தவர் என்று சொல்ல முடியாது, ஏமாற்றுக்கு உடன்பட்டவர் ஆகிவிடுவீர்கள். சிவில் கோர்ட்டிலும் அப்படித்தான். சட்டவிரோதமான, பொதுநலனுக்கு எதிரான காரியத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட காரியத்துக்குத் தெரிந்தே பணம் கொடுத்துவிட்டு ‘வாங்கித் தாருங்கள்’ என்று வருகிறவருக்குக் கோர்ட் பொதுவாக உதவாது. முதல் 15 ஆயிரத்தையும் அடுத்த 25 ஆயிரத்தையும் பிரிப்பது உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதுதான். அதனால்தான் முதல் வரியிலேயே நிறுத்துங்கள் என்றேன்.

இனி அந்தப் பத்திரம். 15 ஆயிரம் போனால் ரெண்டு மூன்று மாதத்தில் சம்பாதித்துவிடுவீர்கள். பாட்டின் உரிமை போனால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பத்திரம் நூறு ரூபாய் முத்திரைத்தாளாக இருப்பதால் மட்டும் அதற்குத் தனிச் சக்தி வந்துவிடாது. கையெழுத்துதான் சக்தி. உங்கள் பாட்டில் இப்போது பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வரிகள் உங்களுடையவை; எழுதிய நிமிஷமே காப்புரிமை (காப்பிரைட்) வந்துவிட்டது, எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. மெட்டு பாட்டி பாடியது. தலைமுறை தலைமுறையாக வந்த மெட்டுக்கு யாரும் தனி முதலாளி கிடையாது, ஆனால் அதற்கு நீங்கள் புதிதாகச் சேர்த்த இசையமைப்பு உங்களுடையது. ரெக்கார்டிங்கின் உரிமை, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து அதைத் தயாரித்தவருக்கு. நீங்கள் நாலு பேரும் காசு போட்டிருந்தால் உங்கள் நாலு பேருக்கும். பாடியவருக்குத் தனியாகப் பாடகர் உரிமை உண்டு. ‘சகல உரிமைகளும்’ என்ற ஒரே சொல்லில் இத்தனையையும் அவர் வாங்கப் பார்க்கிறார். அதுவும் நீங்களே அவருக்குப் பணம் கொடுத்து.

அந்த உரிமையை வைத்து அவர் என்ன செய்வார்? ஒரு டிஜிட்டல் விநியோக நிறுவனம் மூலமாகத் தன் பெயரில் பாட்டை எல்லாத் தளங்களிலும் ஏற்றுவார். அப்புறம் உங்கள் யூடியூப் வீடியோவுக்கே காப்பிரைட் க்ளெய்ம் வரும், விளம்பர வருமானம் அவருக்குப் போகும். நாளைக்கு உங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் களத்தில் நின்று அதே மெட்டைப் பாடி போனில் எடுத்துப் போட்டால், மெட்டு ஒத்துப்போகிறது என்று அதற்கும் க்ளெய்ம் வர வாய்ப்புண்டு. உங்கள் பாட்டி பாடிய பாட்டை உங்கள் ஊரே பாட முடியாமல் போகிற நிலை. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

காப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள், என்ன தொகை என்று 19ஆவது பிரிவு கேட்கிறது. காலம் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான் என்று கொள்ளப்படும், எல்லை எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை இப்படி ஒரு ஆளுக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது, எழுதினாலும் செல்லாது. ஆனால் இதையெல்லாம் நிரூபிக்க வழக்குப் போட வேண்டும். கையெழுத்துப் போடாமலிருக்க ஒரு செலவும் இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் சாதாரண ரேடியோ நிலையங்கள் பாடகருக்கும் ரெக்கார்டிங் உரிமையாளருக்கும் ஒரு காசும் தருவதில்லை, எழுதி இசையமைத்தவருக்கு மட்டும்தான் தருகின்றன. நம் நாட்டில் ரெக்கார்டிங்குக்கும் ராயல்டி உண்டு. 2010ல் காப்புரிமை வாரியம், எஃப்.எம். நிலையங்கள் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதத்தை அதற்காகக் கொடுக்க வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு நிர்ணயித்தது, அதன் பிறகும் அது தொடர்பாக வழக்கும் புதிய கட்டணமும் வந்துகொண்டேயிருக்கின்றன. நம் சட்டம் போட்டிருக்கிற பாதையில் பணம் ரேடியோவிலிருந்து உங்களிடம் வர வேண்டும்.

பணத்தைத் திரும்ப வாங்க முதலில் வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்காமல் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘வணக்கம் அண்ணா. என் பாட்டை எஃப்.எம்.மில் ப்ரொமோஷன் செய்வதற்காக இன்ன தேதியில் உங்கள் ஜிபே எண்ணுக்கு 15,000 ரூபாய் அனுப்பினேன். இதுவரை பாட்டு ஓடவில்லை. நிறுவனத்தின் பில்லும் ரிலீஸ் ஆர்டரும் தர முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். பில் இல்லாமல் தொடர எனக்கு விருப்பமில்லை. ஏழு நாளுக்குள் பணத்தை அதே கணக்கிலிருந்து எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ‘மேலே கொடுத்துவிட்டேன்’ என்று பதில் வந்தால், ‘யாரிடம் கொடுத்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன பதில் எழுதினாலும் அது உங்களுக்கு ஆதாரம். போனை மாற்றாதீர்கள், பழைய செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலப் போன் உங்கள் கையில் இருப்பது நல்லது.

அதே நாளில் அந்த எஃப்.எம். நிலையத்தின் விளம்பரப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: ‘இன்னார் உங்கள் நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்டா?’ ஒரே வரி. குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். ‘இல்லை’ என்று பதில் வந்தால், இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்கினார் என்பதற்கு அந்தப் பதில் நல்ல ஆதாரம்.

ஏழு நாளில் பணம் வரவில்லை என்றால் ஏற்காடு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ‘இது கொடுக்கல் வாங்கல், சிவிலில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லக்கூடும். அப்போதும் புகாரைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது போட்டு, எதிர்த்தரப்பை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதுவும் நடக்கவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நீங்கள் பட்டியல் பழங்குடி என்பதால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி பெற 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. சாதிச் சான்றிதழ், ஆதார், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட், அந்தப் பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போவதற்கு முன் 15100 என்ற எண்ணிலும் கேட்டுக்கொள்ளலாம்.

கோடை விழா மேடைக்கும் எஃப்.எம்.மில் ஓடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது மாவட்ட நிர்வாகம் நடத்துவது. அங்கே பாட விரும்புகிறோம் என்று கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டல அலுவலகத்தில், பாட்டின் இணைப்போடு ஒரு மனு கொடுங்கள். மலை மக்களின் பாட்டை மலை விழாவிலேயே பாட வேண்டும் என்று கேட்பதற்கு உங்களைவிட யாருக்கு உரிமை இருக்கிறது? ஆல் இந்தியா ரேடியோவில் நாட்டுப்புற இசைக்குக் குரல் தேர்வு வைக்கிறார்கள். தேறினால் பி கிரேடிலிருந்து தொடங்கி மேலே போகலாம், பாடினால் அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தருவார்கள். தருமபுரி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அடுத்த தேர்வு எப்போது என்று அங்கே கேட்டு வையுங்கள். சமுதாய வானொலிகளையும் விடாதீர்கள். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களின் பங்களிப்பில் உருவாக வேண்டும் என்பது அவற்றுக்கான விதி, உங்களை மாதிரி ஆட்களை அவர்களும் தேட வேண்டியிருக்கிறது. எழுதியவர், இசையமைத்தவர் என்ற முறையில், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். பாட்டு எங்கே ஒலித்தாலும் வர வேண்டிய பங்கு அதன் வழியாகத்தான் வரும்.

அதற்கெல்லாம் முன்னால், நீங்கள் நாலு நண்பர்களும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: வரி யாருடையது, இசை யாருடையது, யார் பாடினார்கள், ஸ்டுடியோவுக்கு யார் எவ்வளவு போட்டார்கள், வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு உங்கள் ஊரின் மரபு மெட்டு, பாட்டியிடம் கேட்டுக் கற்றது என்பதையும் அதில் எழுதுங்கள். யூடியூப் விவரக் குறிப்பிலும் பாட்டியின் பெயரோடு அதைச் சேர்த்துவிடுங்கள். பாட்டிக்குச் சம்மதம்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்தும் நிலையத்திலிருந்தும் என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பத்திரத்தின் நகல் ஒன்றையும் அனுப்புங்கள், முழுவதும் படித்துப் பார்க்கிறேன்.